உறைந்து போன கதவு

போன் அலறியது.

"தம்பி... கோல்டு ரூம்ல மாட்டிக்கிட்டேன்டா. கதவு திறக்கல. உள்பக்கக் கைப்பிடியை யாரோ கழட்டிட்டாங்க."

அக்காவின் குரல். பற்கள் தந்தியடித்தன. அந்த மருந்துக் கிடங்கில் அவள்தான் மருந்தாளுநர்.

"ஒரு பெட்டியோட லேபிளைக் கிழிச்சுப் பாத்தேன். கீழ பழைய தேதி! எல்லாமே காலாவதியான மருந்துடா... சீக்கிரம் வா."

தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். அந்தக் கதவுகளை இயக்கும் கம்ப்யூட்டருக்குக் கெர்னல் எழுதும் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. கெர்னல்தான் கம்ப்யூட்டரின் உயிர்நாடி. அது நின்றால் கதவும் நின்றது.

கிடங்கில் செக்யூரிட்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தீயணைப்பு வண்டி வருகிறதாம். ஆனால் அந்த எஃகுக் கதவை அறுப்பதற்குள் உள்ளே இருப்பவள் விறைத்துவிடுவாள் என்றார். மேனேஜர், தனக்குக் கம்ப்யூட்டரில் ஆனா ஆவன்னா கூடத் தெரியாது என்று புலம்பினார். காலையில் யாரோ வந்து எல்லாக் கதவிலும் உள்பக்கக் கைப்பிடியைக் கழட்டி, புது அப்டேட் போட்டுவிட்டுப் போனார்களாம்.

தம்பி லேப்டாப்பைக் கதவின் பேனலில் சொருகினான்.

திரை முழுக்க எண்கள். உச்சியில், பேஜ் ஃபால்ட்!

ஒரு புரோகிராம் கேட்கும் பக்கம் மெமரியில் இல்லாவிட்டால், கெர்னலுக்குள் ஹேண்ட்லர் என்று ஓர் ஆள் ஓடிப்போய் டிஸ்கிலிருந்து எடுத்து வருவான். ஓயாமல் நடக்கிற சமாச்சாரம். இங்கே போனவன் திரும்பவே இல்லை.

ரீஸ்டார்ட் செய்தான். செத்தது.

ஹேண்ட்லரைத் திருத்தி எழுதினான். மறுபடி செத்தது.

ஸ்பீக்கரில் போட்டிருந்த அவன் போனில் அக்கா முனகினாள். "தூக்கம் வருதுடா..."

"தூங்காதக்கா. எதையாவது பேசிட்டே இரு."

"சின்ன வயசுல உன்னை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டினேனே... அதுக்குப் பழி வாங்கறியா?"

அம்மா போன பிறகு அவனுக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

"அக்கா?"

போனில் மெஷின் இரைச்சல் மட்டும்தான்.

"அக்கா..!"

இனி என்ன செய்வதென்றே தெரியவில்லை. திக்கற்றுப் போய்த் திரும்பியவன் மேனேஜரைப் பார்த்தான்.

அவர் திரையிலிருந்த எண்களை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். ஆனா ஆவன்னா தெரியாதவர்!

தம்பி செக்யூரிட்டியிடம் உரக்கச் சொன்னான். "கண்டுபிடிச்சுட்டேன் அண்ணே. ஹேண்ட்லரே டிஸ்குக்குப் போயிடுது. அதை மெமரியிலயே கட்டிப் போட்டா போதும்."

"அது ஏற்கெனவே கட்டித்தான் இருக்கு." மேனேஜர் எரிந்து விழுந்தார். "அது பாக்கற அட்டவணைதான் டிஸ்குக்குப் போகுது. இதுகூடத் தெரியாம..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுதான் சார். உங்க வாயைக் கிளறத்தான் வேணும்னே தப்பா சொன்னேன். தப்பைக் கேட்டுட்டு வாயை மூடிட்டு இருக்க எங்க தொழில்ல எவனாலயும் முடியாது."

எந்தப் பக்கம் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை... அதுவே டிஸ்கில்! வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டின கதை. தம்பியின் விரல்கள் பறந்தன. அட்டவணையை மெமரியில் கட்டிப்போட ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது. ஏற்றினான்.

பச்சை விளக்கு. கதவு திறந்தது.

அக்கா தரையில் சுருண்டு கிடந்தாள். வெளியே தூக்கி வந்து, தன் ஸ்வெட்டரைச் சுற்றி, கன்னத்தைத் தேய்த்தான். மெல்லக் கண் திறந்தாள்.

"ஏன்டா இவ்ளோ லேட்டு?"

அவன் வாய்விட்டு அழுதான்.

"சார் ஓடறாரு!" செக்யூரிட்டி கத்தினார்.

பக்கத்துக் கோல்டு ரூமின் கதவு திறந்திருந்தது. அதன் மறுபக்கக் கதவு லாரி நிற்கும் முற்றத்துக்குப் போகும். மேனேஜர் உள்ளே பாய்ந்து, யாரும் பின்தொடராதபடி கதவை அறைந்து சாத்தினார். பேனலில் சிவப்பு விளக்கு மின்னி, அணைந்தது.

பின்வழியாகத் தப்பிவிடுவாரோ என்று செக்யூரிட்டி பதறினார்.

"முடியாது அண்ணே. காலாவதி மருந்தை மறைக்க அவர் போட்ட அப்டேட் அந்த ரூமோட ரெண்டு கதவுலயும் இருக்கு. நான் சரி பண்ணது இந்தக் கதவை மட்டும்தான்."

உள்ளிருந்து தடதடவென்று தட்டும் சத்தம். "தம்பி... திறப்பா! ரொம்பக் குளிருதுப்பா!"

செக்யூரிட்டி போலீஸுக்குப் போன் போட்டார். தூரத்தில் தீயணைப்பு வண்டியின் சைரன் கேட்டது. அக்கா ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவருகே போனாள்.

"பயப்படாதீங்க சார். அந்த ரூம்ல வெச்சா எதுவும் சீக்கிரம் கெட்டுப் போகாது... போலீஸ் வர்ற வரைக்கும் ஃப்ரெஷ்ஷா இருப்பீங்க!"