பதினைந்து கெஜத் தண்டனை

மோதலில்தான் காதல் பிறக்கும் என்பார்கள். ஆல்சீட் கில்லரிக்கு அது பிறந்த நேரத்தில் அவன் சேற்றில் மல்லாந்து கிடந்தான்.

வெள்ளிக்கிழமை, பள்ளிகளுக்கிடையே அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். லூசியானாவின் அக்டோபர் மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நனைந்தபடியே ஊர் மொத்தமும் மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஆல்சீட்டின் பள்ளிப் பையன் ஒருவன் எதிரணியின் பந்தைப் பறித்துக்கொண்டு ஓரமாக ஓட, பயிற்சியாளரான அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஓடுறா... ஓடுறா..." என்று கத்திக்கொண்டு தானும் கூடவே ஓடினான். ஓரக்கோட்டை ஒட்டி வெள்ளையடித்த பட்டை ஒன்று உண்டு. ஆட்டம் நடக்கும்போது அது கோட்டு நடுவர் ஓடுவதற்கு மட்டும்தான். பயிற்சியாளர் அதில் கால் வைக்கக் கூடாது. ஆல்சீட் இரண்டு காலையும் வைத்திருந்தான்.

எதிரே கோட்டு நடுவரின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை பறந்து வந்தது...

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வருவதற்கு முன் ஒன்பது ஆண்டு தொழில்முறை ஃபுட்பாலில் தற்காப்பு வரிசையில் நின்றவன் அவன். இரண்டு பேர் சேர்ந்து முட்டினாலும் அசையாத ஆள். ஆனால் வருவது ஒரு பெண் என்று கண்டதும், 'ஐயோ, என் எடைக்கு இவள் அப்பளமாகிவிடுவாளே' என்று உடம்பைப் பின்னால் இழுத்தான். இழுத்த அதே நொடியில் அவள் தோள் அவன் நெஞ்சில் பட்டது. அவ்வளவுதான். பனைமரம் மாதிரி சாய்ந்தான்.

அவள் முழங்காலில் விழுந்து, அவனுக்கு முன்பே எழுந்துவிட்டாள். தவறு நடந்ததைக் காட்டும் மஞ்சள் துணியை இடுப்பிலிருந்து உருவி எறிந்தாள். அது நேராக அவன் வயிற்றில் வந்து விழுந்தது.

"அடி பட்டுதா கோச்?"

"எனக்கா?"

"கீழ கிடக்குறது நீங்கதானே."

தொப்பி விளிம்பில் மழை சொட்ட, அதற்குக் கீழே இரண்டு கண்கள்... கரும்புப் பாகின் நிறம். ஆல்சீட் எழுந்திருக்க மறந்தான். பிறகு கூட்டம் சிரிக்கும் சத்தம் காதில் விழுந்தது, ரோஷம் வந்தது.

"எங்க பக்கம் நீங்க ஏன் வந்தீங்க?"

"நீங்க நின்னது என் பக்கம் கோச். பதினஞ்சு கெஜம் தண்டனை. உங்க அணி அவ்வளவு பின்னால போகணும்."

சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள். அவன் அணி அன்று ஜெயித்தது. ஊரில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை, அரிசியும் பன்றிக்கறியும் அடைத்த பூடான் வாங்க ஓடீல் கடைக்குப் போனான். ஓடீல் வாய் ஓயாத மனுஷி. கடையில் பூடானுக்கு எவ்வளவு பெயரோ அவள் வாய்க்கும் அவ்வளவு பெயர்.

"வாப்பா, சாய்ஞ்ச மரமே. முதுகு எப்படி இருக்கு?"

"அந்தப் பொம்பளதான் வந்து மோதினா."

ஓடீல் செல்போனை நீட்டினாள். யாரோ எடுத்த படம். வெள்ளைப் பட்டையின் நட்டநடுவில், படகு மாதிரி அவனுடைய இரண்டு காலணிகள்.

"இப்ப சொல்லு."

ஆல்சீட் தலையைச் சொறிந்தான்.

"மன்னிப்புக் கேக்கணும்னா வெளியவே நிக்கிறா. பேரு கோரின். வெள்ளிக்கிழமை நடுவர், மத்த நாள் சர்வேயர். ரோட்டை அளக்க வந்திருக்கா."

ஜன்னல் வழியே பார்த்தான். முக்காலியின் மேல் வைத்த கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள் அவள். ஆல்சீட்டுக்கு வாய் உலர்ந்தது. அறுபதாயிரம் பேர் முன்னால் ஆடியபோது இப்படி உலர்ந்ததில்லை. இரண்டு பூடான் பொட்டலத்தோடு போய் நின்றான்.

"மிஸ் கோரின்... நேத்து தப்பு என் மேலதான்."

அவள் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். நான்தானே தீர்ப்பு சொன்னேன்."

"இது உங்களுக்கு. சூடா இருக்கு."

"வேண்டாம் கோச். பயிற்சியாளர்கிட்ட நடுவர் ஒரு வாய் காப்பி கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. நடுவர் சங்கத்து விதி."

அவன் முகம் வாடியதைப் பார்த்தாளோ என்னவோ, கடைக்குள் போய்த் தன் காசில் ஒன்று வாங்கி வந்தாள். அவனுடைய வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தாள். நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு அவனும் உட்கார, வண்டி அவன் பக்கம் சரிந்தது. அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் ஆல்சீட் உண்மையாகவே விழுந்தான்.

அதன்பிறகு சனிக்கிழமைக் காலைகள் அவர்களுடையதாகிவிட்டன. அவரவர் பூடான், அவரவர் காசு. பேச்சுக்கு மட்டும் சங்கத்தில் தடை இல்லை.

"எல்லாரும் பந்து எறியறவனாத்தான் ஆக ஆசைப்படுவாங்க. நீங்க ஏன் வரிசைல நின்னீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சின்ன வயசுலயே இந்த உடம்பு. போற இடமெல்லாம் எதையாவது உடைப்பேன். உடைச்சா கைதட்டுற இடம் அது ஒண்ணுதான்."

"என்னை மட்டும் உடைக்கலையே."

"உடைக்க மனசு வரல." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. காது வரை சிவந்து, பூடானைத் தோலோடு விழுங்கிவிட்டான். அவன் முதுகில் அவள் நாலு தட்டு தட்ட வேண்டியிருந்தது. தண்டனை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்...

டிசம்பர் வந்தது. ஆல்சீட்டின் பையன்கள் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து, மாநில இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டார்கள். அந்த வாரச் சனிக்கிழமை கோரின் பூடானைப் பிரிக்கவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோச், இறுதி ஆட்டத்துக்கு என் பேர் வந்திருக்கு. உங்க ஆட்டத்துக்கு."

அதற்காக அவள் பத்து வருஷம் மழையிலும் வெயிலிலும் ஓடியது அவனுக்குத் தெரியும். வாயெல்லாம் பல்லானான்.

"இருங்க... திங்கக்கிழமை எபேர் சார் போன் பண்ணுவார். நடுவர்களைப் போடுறவர். எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேப்பார். ரெண்டு அணியில யாரோடயாவது உனக்குத் தொடர்பு உண்டான்னு." பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "என்ன சொல்லட்டும்?"

உண்டு என்றால் அவளுக்கு அந்த ஆட்டம் இல்லை. ஆல்சீட்டின் நெஞ்சு ஒன்று சொன்னது, வாய் வேறொன்று சொன்னது.

"இல்லைன்னு சொல்லுங்க. அவரவர் காசுல வாங்கித் திங்கிறோம்... அவ்வளவுதானே."

கோரின் இறங்கினாள். "சரி கோச்" என்றாள். பிரிக்காத பூடானைப் பலகையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பெரிய நல்லது செய்துவிட்ட நினைப்போடு கடைக்குள் போனான். ஜன்னல் வழியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓடீல் கரண்டியை வைத்தாள்.

"பெரிய தியாகி வந்துட்டாரு. அவ ஆட்டத்தைப் பத்தியா கேட்டா? உன்னைப் பத்திக் கேட்டா, மண்டு."

இரண்டு நாள் ஆல்சீட்டுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் உடம்புக்கு அது ஊர்ச் செய்தி.

திங்கட்கிழமை காலை, கொட்டுகிற மழையில் அவளைத் தேடிப் போனான். ஊருக்கு வெளியே, நண்டு போலக் கால் பரப்பிய முக்காலியோடு ஒரு நெல்வயலின் வரப்பில் நின்றிருந்தாள். வரப்பு அவன் எடையைத் தாங்கவில்லை. பாதி வழியில் வயலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தான்.

"மிஸ் கோரின், நான் சொன்னது பொய்."

"பொய்னு எனக்கும் தெரியும்."

"உங்களுக்கு அந்த ஆட்டம் கிடைக்கணும்னுதான்..."

"அதான் கோபம்." இப்போது முழுவதும் திரும்பினாள். கண்ணில் நிற்பது மழையா, வேறா என்று தெரியவில்லை. "என் ஆட்டம் கோச் அது. விடுறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணணும். என்னைக் கேக்காம நீங்க உங்க மனசை விட்டுக்கொடுத்தா அதுக்குப் பேரு அன்பா? பொய் சொல்லிட்டு அந்தக் கோட்டுல நான் எப்படி நிப்பேன்? உங்க பையன் ஒருத்தன் கால் வெளியில பட்டுதா, உள்ள பட்டுதான்னு எந்த மூஞ்சியோட கை காட்டுவேன்?"

அவள் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்தாள். ஆல்சீட் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"சொல்லுங்க எபேர் சார்... ஆமா, கேளுங்க... உண்டு சார். கோச் கில்லரியோட... சொந்தம் இல்ல. வேலையும் இல்ல." ஆல்சீட்டை நேராகப் பார்த்தாள். "காதல் சார்."

மழை பெய்துகொண்டிருந்தது. ஆல்சீட்டுக்கு அது கேட்கவில்லை.

அந்தப் பக்கம் எபேர் ஏதோ நீளமாகப் பேசினார். கோரின் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஒருதலையா, ரெண்டு பேருக்குமான்னு கேக்குறார். என்ன சொல்லட்டும்?"

இந்தத் தடவை ஆல்சீட் நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவில் யாரையும் நிற்க விடவில்லை. போனை நோக்கிக் குனிந்தான்.

"ரெண்டு பேருக்கும் சார். எனக்குக் கொஞ்சம் அதிகமாவே."

"அதிகமா கம்மியான்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றாள் கோரின். பிறகு போனில், "சரி சார்... புரியுது சார்... சந்தோஷம் சார்" என்று முடித்தாள். கொஞ்ச நேரம் வயலையே பார்த்தாள். ஆசைப்பட்டது கைநழுவினால் யாருக்கும் வலிக்கத்தானே செய்யும்... ஆனால் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது.

"சின்னப் பள்ளிக்கூடங்களோட இறுதி ஆட்டத்துல என்னைப் போட்டிருக்கார். அதே மைதானம். காலைல எனக்கு, சாயங்காலம் உனக்கு."

உனக்கு... ஆல்சீட் அப்படியே நின்றான்.

"இன்னொரு தடவை சொல்லு."

"எதை? ஆட்ட நேரத்தையா?"

"கடைசி வார்த்தையை."

"உனக்கு" என்றாள். வரப்பின் மேல் நின்றதால் இன்றுதான் அவள் கண்கள் அவன் கண்களுக்கு நேராக இருந்தன. "உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு ஆல்சீட். ஊருக்கே தெரியட்டும்."