மஞ்சக்குட்டை பஸ் ஸ்டாப்பில் ஒரு ‘எஸ்’

எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்களை மேகம் விழுங்கிவிட்டிருந்தது... மஞ்சக்குட்டை பஸ் ஸ்டாப்பில் வனிதா மட்டும் தனியாக நின்றிருந்தாள். ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. “பாத்துப் போ கண்ணு, காட்டெருமை ரோட்டுக்கே வருதாமா” என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பைக்கை ஓரங்கட்டிவிட்டு ஒருவன் ஓடிவந்தான். கூரைக்கு வெளியிலேயே தயங்கி நின்றான். நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள்... அம்மாடி, என்ன கருப்பு!

யூனிஃபார்ம் சேலையைப் பார்த்து வெளியூர்க்காரி என்று நினைத்தானோ என்னவோ...

“டூ யூ மைண்ட் இஃப் ஐ ஸ்டாண்ட் ஹியர்?”

‘அவன் என்னை மைண்டே பண்ணல’ என்று தோழிகள் சொல்வார்களே, அந்த மைண்டா? நிற்கட்டுமா என்றுதானே கேட்கிறான்? பாவம், நனைகிறான்.

“எஸ்!” என்றாள் மிடுக்காக.

அவன் முகம் சுண்டிப்போனது. “சாரி...” மழைக்குள்ளேயே திரும்பிப் போய் பைக்கருகில் நின்றுகொண்டான்.

கொழுப்பைப் பார்! இடம் கொடுத்தால் முறுக்கிக்கொண்டு போகிறானே! கூப்பிட ரோஷம் விடவில்லை.

அப்போதுதான் காப்பிச் செடிகள் மடமடவென்று முறிந்தன. கனமான ஒரு மூச்சு... மேகத்துக்குள்ளிருந்து கருப்பாக வந்தது. வளைந்த கொம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. நாலு எட்டு தூரத்தில் நின்று அவளைப் பார்த்தது.

“அசையாதீங்க...”

தமிழ்! சுவரோரமாக நகர்ந்து வந்து, அவளுக்கும் அதற்கும் நடுவில் நின்றிருந்தான் அவன். “ஓடிறாதீங்க... மூச்ச மெதுவா உடுங்க.”

அது தலையைச் சிலுப்பியது. பிறகு ரோட்டைக் கடந்து பள்ளத்தில் இறங்கி மறைந்தது.

வனிதாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “ஏனுங்க, நிக்கச் சொன்னா மழையில போய் நிக்கறீங்களே?”

“நீங்கதானுங்க எஸ்ஸுன்னீங்க!”

“ஆமா, நில்லுங்கன்னுதான் எஸ்ஸு!”

அவன் சிரித்துவிட்டான். “நான் நின்னா உங்களுக்குத் தொந்தரவாங்களான்னு கேட்டேன். பரவால்லீன்னா ‘நோ’ன்னு சொல்லோணுமுங்க.”

“ஐயோ... நேத்து ஒரு வெள்ளைக்காரம்மா, சன்னலத் தொறக்கட்டுமான்னு இப்படியேதான் கேட்டாங்க. எஸ்ஸுன்னேன். பாவம், மூடி வெச்சுட்டே உக்காந்திருந்தாங்க!”

அவன் பெயர் பாலகுமார். கரடியூர்க் காப்பி விவசாயியின் மகன். பெங்களூரு வேலையை விட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தான். மறுநாளிலிருந்து பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தான். “மைண்ட் யுவர் ஸ்டெப்... பாத்து எறங்குங்கன்னு அர்த்தம்” என்பான். அவள் பார்த்து இறங்குவாள், அவனைப் பார்த்தபடியே.

திடீரென்று சில நாள் அவன் வரவில்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் அவனைத் தேடினாள். வேறு பெண் பார்த்துவிட்டார்களோ... மறந்தே போனானோ...

ஒரு மாலை, மெலிந்த முகத்தோடு வந்து நின்றான்.

“ஊட்டுல நொம்ப சண்டைங்க. எஸ்டேட் கூலிக்காரங்க லைன் ஊட்டுப் பொண்ணுதான் கெடைச்சுதான்னு அப்பா கேட்டாரு. ஆமான்னுட்டேன். நாளைக்கு உங்க ஊட்டுக்கு வர்லாம்னு... உங்கப்பா தொரத்திருவாருங்களா?”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“வாங்க. அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டனுங்க... கட்டுனா உங்களத்தான்னு.”

“அவருகிட்டச் சொன்னீங்க... எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?”

“உங்ககிட்டச் சொல்லத்தானுங்க பயமா இருந்துச்சு...” அவள் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். “புடிச்சிருக்குங்க. நொம்பப் புடிச்சிருக்குங்க...”