பட்டனுக்கு நூலைத் தெரியவில்லை

அந்த வீட்டில் மொத்தம் மூன்று வால்கள் இருந்தன. இரண்டு, பூனைகளுக்குப் பின்னால் இருந்தன. மூன்றாவது, நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தது. கையும் காலும் சும்மா இல்லாமல் எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பதால் வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

வாலுவின் அம்மா தையல் வேலை செய்பவர். முன்னறையில் தையல் மெஷின், அதன் பக்கத்தில் வெட்டி மிஞ்சிய துண்டுத்துணிகளைப் போடும் ஒரு பெரிய கூடை. பூனைகள் இரண்டும் அந்தக் கூடையில்தான் தூங்கும். கறுப்பாக, உருண்டையாக இருப்பது பட்டன். சாம்பல் நிறத்தில் ஒல்லியாக, நீளமாக இருப்பது நூல். ஒரே தாய் போட்ட குட்டிகள். எந்தக் கால் யாருடையது என்று சொல்ல முடியாதபடி பின்னிக்கொண்டு தூங்கும்.

ஒரு நாள் நூல் தரையில் கிடந்த குண்டூசியை மிதித்துவிட்டது. பாதம் வீங்கிப் போயிற்று. அப்பாவும் வாலுவும் அதை விலங்கு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவர் மருந்து தடவி, கட்டுப் போட்டு, ஓர் இரவு இங்கேயே இருக்கட்டும் என்றார். மறுநாள் வாலு தன் பச்சை ஸ்வெட்டருக்குள் நூலை அணைத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வாசலிலேயே பட்டன் துள்ளி ஓடி வந்தது. நூலை முகர்ந்து பார்த்தது. அவ்வளவுதான். வால் பாட்டில் பிரஷ் மாதிரி உப்பியது. காதுகள் பின்னால் மடங்கின. உஸ்ஸென்று சீறி, நூலின் மூக்கில் பளாரென்று ஓர் அறை விட்டது.

நூலுக்கு ஒன்றும் புரியவில்லை. வாலுவுக்கும்தான்.

அன்று தொடங்கிய சண்டை ஓயவே இல்லை. நூல் கூடைப் பக்கம் வந்தால் போதும், பட்டன் பாயும். நூலும் எத்தனை நாள்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்? அதுவும் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. எல்லோரும் நூலைத் தூக்கி வைத்துக் கொஞ்சுவதால் பட்டனுக்குப் பொறாமை என்றார் அப்பா. காலில் இருக்கும் கட்டைப் பார்த்துப் பயப்படுகிறது என்றார் அம்மா. கட்டைப் பிரித்த பிறகும் சண்டை நிற்கவில்லை.

ஒரு மாலை இரண்டும் உருண்டு புரண்டு மெஷின் மேலேயே ஏறிவிட்டன. அங்கே ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளைக் கவுன் இருந்தது. அம்மா ஓடி வருவதற்குள் கவுனின் ஒரு கை முழுக்க நகக் கீறல். அம்மா திட்டவில்லை. கவுனை மடியில் போட்டுக்கொண்டு, கிழிந்த கையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். வாலுவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

காகிதக் கிடங்கு வைத்திருக்கும் மாமா, எலித் தொல்லைக்கு ஒரு பூனை வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குப் போன் செய்தார். அடுத்த வாரக் கடைசியில் வந்து நூலைக் கூட்டிப் போகிறேன் என்றார் மாமா.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் வாலு பையை ஒரு மூலையில் வீசிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். நாற்காலியில் பச்சை ஸ்வெட்டர் கிடந்தது. நூலை அணைத்துக்கொண்டு வந்த அன்றைக்குக் கழற்றிப் போட்டதுதான், இன்னும் துவைக்கவில்லை. பட்டன் மெல்ல வந்து அதில் மூக்கை வைத்தது.

உஸ்ஸ்.

வாலு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நூல் அங்கே இல்லை. ஸ்வெட்டர் யாரையும் கடிக்கவில்லை, அறையவில்லை. பிறகு அதன்மேல் எதற்குக் கோபம்?

ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பட்டனைக் கூப்பிட்டாள். எப்போதும் மடியில் ஏறிக்கொள்ளும் பட்டன் பின்னால் நகர்ந்தது. கழற்றித் தூர வைத்தாள். வந்து மடியில் ஏறியது. மறுபடி போட்டாள். மறுபடி ஓடியது.

வாலு ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் பொத்தி, மூச்சை நன்றாக இழுத்தாள். லேசாக மருந்து வாடை வந்தது. மருத்துவமனைத் தரையைத் துடைக்கும் அந்தக் காரமான நெடியும் வந்தது. பிறகு அம்மாவின் துப்பட்டாவை முகர்ந்தாள். அப்பாவின் சட்டையை முகர்ந்துவிட்டு அவசரமாகக் கீழே வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வாடை.

"என்னடி பண்றே?" என்றார் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடியே.

"அம்மா, பட்டனுக்கு நூல் மேல கோபம் இல்லம்மா. அதுக்கு அடையாளமே தெரியல. நூல் ஆஸ்பத்திரி வாசனையோட வந்துச்சில்ல, யாரோ புதுப் பூனை வீட்டுக்குள்ள நுழைஞ்சிடுச்சுன்னு நினைச்சிருக்கு."

அம்மாவின் கை நின்றது. "அந்த வாசனைதான் இப்ப போயிருக்குமே?"

"வாசனை போயிருக்கும். ஆனா அதுக்குள்ள நல்லா அடிச்சுக்கிட்டாங்களே. இப்ப ரெண்டுக்கும் பயம். மாமா வர்ற வரைக்கும் என்கிட்ட விடேன்."

அம்மா சரி என்று சொல்லவில்லை. ஆனால் கூடையிலிருந்து மெத்தென்ற இரண்டு துணிகளை எடுத்து நீட்டினார்.

வாலு நூலை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு துணியால் பட்டனின் கன்னத்தையும் கழுத்தையும் நன்றாகத் தேய்த்து, அதை நூலுக்குப் போட்டாள். நூலைத் தேய்த்த துணியைப் பட்டனின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பட்டன் அந்தத் துணியைப் பார்த்துச் சீறியது. ஆனால் பக்கத்தில் மீன் இருந்ததே. சீறிக்கொண்டே சாப்பிட்டது.

அவசரப்பட்டு ஒரு முறை கதவைத் திறந்தாள். மறுபடி ரகளை. அப்பா குறுக்கே புகுந்து கையில் ஒரு கீறல் வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். ஆனாலும் மறுநாள் மறுபடி துணியை எடுத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு வைத்தாள். தட்டுகளைத் தினமும் கதவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி வைத்தாள்.

ஒரு காலை, பட்டன் அந்தத் துணியின் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை, கதவுக்கு அடியில் ஒரு சாம்பல் நிறப் பாதம் நீண்டது. பட்டன் அதை முகர்ந்தது. சீறவில்லை. மெதுவாக ஒரு தட்டு தட்டிப் பார்த்தது. நகம் வெளியே வரவில்லை.

வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. பிறகு பட்டன், நடந்ததெல்லாம் யாருக்கோ நடந்தது போல, நூலின் காதை நக்கிவிட ஆரம்பித்தது.

"பார்த்தியாம்மா?" என்றாள் வாலு, மிக மெதுவான குரலில்.

"பார்த்துக்கிட்டுதான்டி இருக்கேன்," என்றார் அம்மா. அவரும் மெதுவாகத்தான் சொன்னார்.

வாரக் கடைசியில் மாமா ஓர் அட்டைப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அம்மா விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தார். கிடங்கிலிருந்து எடுத்து வந்த பெட்டி. உள்ளே எலி வாடை குப்பென்று அடித்தது போலிருக்கிறது. பட்டன் ஒரு பக்கமிருந்து வந்தது, நூல் இன்னொரு பக்கமிருந்து வந்தது. இரண்டும் மூலை மூலையாக முகர்ந்தன. பிறகு இரண்டுமே உள்ளே இறங்கி, இடித்துப் பிடித்து இடம் பண்ணிக்கொண்டு படுத்துவிட்டன.

மாமா எட்டிப் பார்த்தார். "இதுல எது எனக்கு?"

"ரெண்டும் இல்ல மாமா," என்றாள் வாலு.

மாமா சிரித்துவிட்டார். எலிக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். பெட்டியையாவது எடுத்துப் போகலாம் என்று குனிந்தார். உள்ளேயிருந்து பட்டனும் நூலும் ஒரே சமயத்தில், உஸ்ஸ் என்றன.

மாமா வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.