சாம்பல் அக்காவும் தாழ்ப்பாள் இல்லாத கதவும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'ஈரக் கதவு' தொடர் ஆரம்பித்துவிட்டால் கழுகைக் கூப்பிட்டுப் பயனில்லை. அவள் காதில் எதுவும் விழாது.

கழுகு என்பது அவளுடைய பட்டப்பெயர். படிப்பது ஐந்தாம் வகுப்பு. தொடரில் எந்த மூலையில் தடயத்தை ஒளித்து வைத்தாலும் அவள் கண் அதைக் கொத்திக்கொண்டு வந்துவிடும். சுவரில் மாட்டிய படத்தில் போன வாரம் மூன்று பறவைகள், இந்த வாரம் இரண்டுதான் என்று முதலில் சொன்னவள் அவள்தான்.

பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருப்பாள். நெரிசலில் பெரிய பஸ்ஸை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிற சித்தி, பேய் வந்தால் மட்டும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

"போயிடுச்சாடி?"

"இன்னும் வரவே இல்ல சித்தி. அது தபால்காரர்."

தொடரில் ஒரு பழைய வீடு. அதில் எப்போதும் ஈரமாகவே இருக்கும் ஒரு கதவு. அந்தக் கதவருகே நிற்பாள் சாம்பல் அக்கா. உள்ளே யாரையோ அடைத்து வைத்திருக்கிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்தார்கள். அவள் பேய். ஆனால் பார்க்கச் சாதாரணப் பெண் மாதிரியே இருப்பாள். கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் உண்டு. அவள் கையில் கட்டிய வாட்ச் ஓடாது. சாம்பல் கரைந்துவிடும் என்பதால் தண்ணீர் குடிக்க மாட்டாள். எப்போதும் தனியாகவே இருப்பாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் பள்ளியின் மாடிப்படிக்குக் கீழே ரசிகர் சங்கம் கூடும். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் இடம் அது. தலைவன் பெயர் டைரக்டர். அவன் படம் எதுவும் எடுத்ததில்லை. எல்லாரையும் "அங்க நில்லு, இங்க நில்லு" என்று விரட்டுவதால் வந்த பெயர். அவன் நிழல் மாதிரி கூடவே இருப்பவன் ரிவைண்டு. எதையும் இரண்டு தடவை சொல்வான்.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. ஒரு தடயம் என்றால் தற்செயல். இரண்டு என்றால் சந்தேகம். மூன்று சேர்ந்தால் உறுதி. ஒரு பெஞ்சின் முதுகில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டு, தடயத்துக்குத் தடயம் கோடு இழுத்து வைத்திருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை யாரிடமும் புதிய தடயம் இல்லை. கழுகுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

"நம்ம கிளாஸ்ல புதுசா சேர்ந்தாளே, அவ வாட்ச்கூட ஓடல. பார்த்தீங்களா?" என்றாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அவ தண்ணியே குடிக்கறதில்ல!" என்றான் டைரக்டர்.

"எப்பவும் தனியா இருக்கா. எப்பவும் தனியா இருக்கா," என்றான் ரிவைண்டு.

டைரக்டர் சாக்பீஸை எடுத்து, பெரிய வட்டம் போட்டு, 'புதுசு' என்று எழுதினான். பள்ளிக்கு வந்து ஒரு மாதமாகியும் அந்தப் பெண்ணை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மூன்று கோடுகள் அவளிடம் போய்ச் சேர்ந்தன.

"உறுதி! நாளைக்கு மத்தியானம் எல்லாரும் தண்ணி பாட்டிலோட வாங்க. அவ மேல ஊத்துவோம். கரையறாளான்னு தெரிஞ்சிடும்."

"டேய், நான் விளையாட்டுக்குச் சொன்னேன்டா!"

"கழுகு சொன்னா தப்பாகாது," என்று டைரக்டர் பெருமையாகச் சிரித்தான்.

ஈர உடையோடு எல்லார் முன்னாலும் ஒரு பெண் நிற்பதைக் கழுகு நினைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் இந்தப் பள்ளிக்கு எப்படி வருவாள்?

தொடரில் வரும் ஆளிடம் எதையும் கேட்க முடியாது. திருப்பித் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும். இவளோ மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நேரே கேட்டுவிட்டால் என்ன? மறுநாள் காலை, மணி அடிக்கும் முன்பே கழுகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன் வாட்ச் ஏன் ஓடல?"

"பேட்டரி தீர்ந்துபோச்சு. பட்டை அழகா இருக்கேன்னு கட்டிக்கறேன். நேரம் பார்க்கத்தான் சுவர்ல கடிகாரம் இருக்கே."

இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது கழுகுக்கு.

"ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்கற?"

அந்தப் பெண் குனிந்துகொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"டாய்லெட் கதவுல தாழ்ப்பாள் இல்ல. நீங்கள்லாம் ரெண்டு ரெண்டு பேரா போறீங்க. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவைப் பிடிச்சுக்கறா. எனக்கு யாரு பிடிப்பா? அதான் காலையிலேருந்து தண்ணியே குடிக்கறதில்ல. தலை வலிக்கும். வீட்டுக்குப் போனதும் பாட்டில் பாட்டிலா குடிப்பேன்."

கழுகுக்குக் கோபம் வந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவின் மேல் கோபம். அதைச் சரிசெய்யாத பெரியவர்கள் மேல் கோபம். டைரக்டர் மேல் கோபம். எல்லாவற்றையும்விட அதிகமாகத் தன் மேல் கோபம். எங்கோ மூலையில் குறைந்த பறவை தெரிந்த கண்ணுக்கு, பக்கத்து வரிசையில் ஒருத்தி தாகத்தோடு உட்கார்ந்திருந்தது தெரியவில்லையே!

"வா. நான் பிடிக்கறேன்."

"இப்பவா?"

"இப்பவேதான். முதல்ல தண்ணி குடி."

புதுசு மடமடவென்று அரை பாட்டிலைக் குடித்தாள். அன்று காலை மட்டும் கழுகு இரண்டு தடவை கதவைப் பிடித்தாள்.

மத்தியானம் டைரக்டர் பாட்டிலோடு வந்தான். பின்னால் ரிவைண்டும் சங்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த புதுசுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த கழுகு எழுந்து அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நகரு," என்றான் டைரக்டர்.

"மாட்டேன்."

"அவதான் சாம்பல் அக்கா. மூணு தடயம் இருக்கு."

"அவ தண்ணி குடிக்கறா. காலையில நானே பார்த்தேன்."

"நீ அவ கட்சி ஆயிட்ட. பொய் சொல்ற. கடைசியாச் சொல்றேன், நகரு!"

"நகர மாட்டேன். ஊத்தணும்னா என் மேல ஊத்து."

ஊற்ற மாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். ஊற்றிவிட்டான். பாட்டிலில் பாதி அவள் தலையில் இறங்கியது. மூக்கு நுனியில் சொட்டியது. குளிர் நடுக்கியது. அழுகைகூட முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஓர் அங்குலம் நகரவில்லை.

"கரைஞ்சேனா?" என்று கேட்டாள்.

முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்து எறிந்தாள்.

"சரி, இப்ப நம்ம விதிப்படியே பார்ப்போம். டைரக்டர், உன் வாட்ச்ல மணி என்ன?"

டைரக்டர் கையைப் பின்னால் கொண்டுபோனான். அது அவன் அண்ணன் வேண்டாமென்று தூக்கிப்போட்ட வாட்ச். ஓடாது என்பது சங்கத்துக்கே தெரியும்.

"இது ஒண்ணு. இவ மேல ஊத்தணும்னு பாட்டிலைத் தளும்பத் தளும்பக் கொண்டு வந்தியே, காலையிலேருந்து அதுல ஒரு மடக்காவது குடிச்சியா? இது ரெண்டு."

"அட ஆமா. அட ஆமா," என்றான் ரிவைண்டு. சொல்லிக்கொண்டே ஒரு படி கீழே இறங்கினான். மற்றவர்களும் இறங்கினார்கள்.

"இப்பத் திரும்பிப் பாரு. உன் பக்கத்துல யாரு நிக்கறா?"

டைரக்டர் திரும்பினான். ஒருவரும் இல்லை. எல்லாரும் நாலு படி தள்ளி, பாட்டிலை இறுக்கிப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு," என்றாள் கழுகு.

டைரக்டர் முகம் வெளுத்துவிட்டது. "டேய்! நான்டா! நேத்து என்கூடத்தானடா பந்து விளையாடினீங்க!"

ஒரு குட்டிப் பையன் பாட்டிலைத் தூக்கியே விட்டான். கழுகு பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

"ஊத்தாத! அவன் பேயும் இல்ல, பூதமும் இல்ல. நீங்க தள்ளிப் போனீங்க, அவன் தனியாயிட்டான். அவ்ளோதான். இவளையும் நாமதான் சேர்த்துக்கல. அப்புறம் அதையே தடயம்னு எழுதி வெச்சிருக்கோம். வெட்கமா இல்ல?"

டைரக்டருக்கு மூச்சு வாங்கியது. "உனக்கு இனிமே சங்கத்துல இடம் இல்ல!" என்று கத்தினான்.

"வேண்டாம் போ," என்றாள் கழுகு. மாடிப்படிக்குக் கீழே போய், ஈரமான சட்டைக் கையாலேயே 'புதுசு' வட்டத்தை அழித்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் கழுகும் புதுசும் தலைமையாசிரியை அறைக்குப் போனார்கள். ஒருத்தியின் தலை இன்னும் காயவில்லை.

"டீச்சர், டாய்லெட் கதவுக்குத் தாழ்ப்பாள் வேணும்."

"பார்க்கலாம்மா," என்றார் அவர்.

மறுநாளும் போனார்கள். "பார்த்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார்கள். அதற்கு மறுநாள் கேட்டபோது பின்னால் இன்னும் சில பெண்கள் நின்றார்கள்.

அந்த வாரம் முழுக்க, கதவைப் பிடிக்க ஆள் இல்லாத எல்லாருக்கும் கழுகே பிடித்தாள். அடுத்த திங்கட்கிழமை, சங்கம் கூடும் நேரத்தில், அவள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். சங்கத்தின் ஞாபகம் வரத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்ததையெல்லாம் யாரிடமாவது கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

உள்ளேயிருந்து புதுசின் குரல் வந்தது.

"கழுகு, நானும் வாரா வாரம் தொடர் பார்க்கறேன். ஒண்ணு கவனிச்சியா? அந்த ஈரக் கதவுலயும் தாழ்ப்பாள் இல்ல."

"என்னது?"

"எனக்கு எந்தக் கதவைப் பார்த்தாலும் முதல்ல தாழ்ப்பாளத்தான் தேடத் தோணும். அதுல இல்ல. சாம்பல் அக்கா கை எப்பவும் கதவு மேலதான் இருக்கு. அவ யாரையும் உள்ள அடைச்சு வெக்கல. உள்ள யாரோ இருக்காங்க. அவங்களுக்காகப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா."

கழுகுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொரு காட்சியாக மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். ஆமாம்! சமையலறைக் காட்சியில் கை இருந்தது. மழைக் காட்சியில் இருந்தது. கடைசிக் காட்சியில்கூட இருந்தது!

"புதுசு, நீ எங்க இருந்தடி இவ்ளோ நாளா?"

"மூணாவது பெஞ்சுல," என்றது உள்ளேயிருந்து வந்த குரல்.

நடைபாதைத் திருப்பத்தில் இரண்டு தலைகள் தெரிந்தன.

"கை கதவு மேல இருந்துச்சா? கை கதவு மேல இருந்துச்சா?" என்றது ஒரு தலை.

இன்னொரு தலை தொண்டையைக் கனைத்தது. "கழுகு, சங்கத்துக்கு வா. அவளையும் கூட்டிட்டு வா. இதை உடனே பேசணும்."

"நான் கதவைப் பிடிச்சிட்டிருக்கேன். வர முடியாது. இனிமே சங்கம் இங்கதான். சேரணும்னா முதல்ல அவகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லு."

ஆவல் தாங்க முடியாமல் டைரக்டர் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றான்.

"ஸாரி," என்றான்.

"கேக்கல," என்றது கதவு.

"ஸாரி! தண்ணி ஊத்த வந்தது தப்பு. கழுகு, உன் மேல ஊத்தினதும் தப்பு. இப்பவாவது சொல்லுங்களேன், உள்ள யாரு இருக்கா?"

"சொல்றோம்," என்றாள் கழுகு. "இது பொண்ணுங்க பக்கம். அந்தத் தூணுக்கு அப்பால போய், சுவரைப் பார்த்து நில்லு."

வாழ்க்கையில் முதல் தடவையாக, டைரக்டர் இன்னொருத்தர் சொன்ன இடத்தில் போய் நின்றான்.