இரண்டாம் கேமராவின் புள்ளிகள்

"நான் திருடி இல்ல ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டேதான் ஃபேபியோலா உள்ளே வந்தாள். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

புனேயின் விஷ்ராந்த்வாடியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஆரோக்கியமணிக்கு இப்படி வருகிறவர்கள் புதிதல்ல. காப்பீட்டு நிறுவனமொன்றில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எரிந்துபோன கிடங்குகளுக்குள் நடந்து, நெருப்பு தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று சொல்வதே அவருடைய வேலையாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வில்லங்கம் என்றால் அவரைத் தேடி வந்தன. கீழ்வீட்டு அம்பி வில்லங்கம் இல்லாமலே வருவான். சென்னையிலிருந்து வந்த மென்பொருள்காரன். துப்பறிவதில் ஆசை நிறைய, பொறுமை கொஞ்சம். அன்று காலையும் காபி டம்ளரோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

ஃபேபியோலா கட்கியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணப் படம் எடுப்பது தொழில். லென்ஸ்கள் அவளுடையவை, கேமரா மட்டும் வாடகை. தொழில்முறைக் கேமரா விற்கிற விலையில் அவளைப் போன்றவர்கள் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். கட்கி பஜாரில் கேஷவ் என்பவருடைய வாடகைக் கடையில் ஒரே ரகத்தில் இரண்டு கேமராக்கள் உண்டு. ஒன்று, இரண்டு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு அவள் இரண்டாம் எண்ணை எடுத்துப்போய், திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்று மாலையே கேஷவ் போனில் கத்தினார். உள்ளே இருந்து படத்தைப் பதிவுசெய்கிற நல்ல சென்சாரைக் கழற்றிக்கொண்டு எங்கேயோ கிடந்த பழையதை வைத்துக் கொடுத்துவிட்டாளாம். இரண்டு கேமராவையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டாவதில் நாய்ஸ் தாறுமாறாக இருக்கிறதாம்.

"புனே முழுக்க வாடகைக் கடைக்காரங்களுக்கு ஒரே வாட்ஸ்அப் குரூப் ஆன்ட்டி. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த சென்சாரைக் குடுக்கலைன்னா என் போட்டோ, பேர் எல்லாம் அதுல போட்டுடுவேன்றார். போட்டுட்டா பஸ், கதம், என் தொழிலே முடிஞ்சுது. மதலப், எந்தக் கடையிலயும் எனக்கு லென்ஸ் மூடிகூடத் தர மாட்டாங்க. சனிக்கிழமை ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன்."

ஆரோக்கியமணி அவளுக்கும் காபி கொடுத்துவிட்டு, நாய்ஸ் என்றால் என்ன என்று கேட்டார். அம்பி இதற்காகவே பிறந்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான். வெளிச்சம் போதாத இடத்தில் எடுத்த படத்தில் ரவை தூவினாற்போல ஒரு சொரசொரப்பு தெரியுமே, அதுதான். நல்ல கேமராவில் குறைவாக இருக்கும், மட்டமானதில் அதிகமாக இருக்கும். இரண்டு கேமராக்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஃபேபியோலா கைப்பேசியில் கேஷவ் அனுப்பிய இரண்டு படங்களைக் காட்டினாள். இரண்டும் வெறும் கறுப்பு. முதலாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். இரண்டாவதில் சிவப்பும் நீலமுமாகக் கோலப்பொடி சிந்தியதுபோல் புள்ளிகள். லென்ஸ் மூடியைப் போட்டு, அரை நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தவை என்று அம்பி விளக்கினான்.

"கல்யாணத்துல யாரு அரை நிமிஷம் ஷட்டரைத் திறந்து வெச்சுப் படம் எடுப்பா?" என்று ஆரோக்கியமணி கேட்டார்.

யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஃபேபியோலா ஒத்துக்கொண்டாள். நட்சத்திரம் எடுக்கிறவர்கள் எடுப்பார்கள். கல்யாணக் கேமராவைச் சோதிப்பவர்கள் மங்கலான அறையில் ஒரு வண்ண அட்டையை வைத்துச் சட்டென்று எடுத்துப் பார்ப்பார்கள். அப்படி எடுத்த படத்தைக் கேஷவ் அனுப்பவில்லை. சோதித்தவர் யார் என்று கேட்டபோது, கடையில் வேலை செய்யும் ரவிசந்திரன் என்றாள். அவரும் கட்கித் தமிழர்தான். போன வருஷம்வரை அவர்களுடைய சர்ச்சில் நடக்கும் கல்யாணங்களை எல்லாம் லீவு நாளில் அவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் ஜனங்கள் ஃபேபியோலாவைக் கூப்பிடுகிறார்கள்.

"அவரே பண்ணியிருப்பார் மேடம். சென்சாரை அவரே மாத்திட்டு இவங்க தலையில கட்டறார்" என்றான் அம்பி. அவசரக் குடுக்கை என்று அவனுடைய அம்மா அவனைச் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"மாத்தினாங்கன்னு யாரு கண்டா? புள்ளியத்தான் எல்லாரும் பாத்திருக்காவ" என்றார் ஆரோக்கியமணி. திருநெல்வேலியை விட்டு அவர்கள் குடும்பம் வந்து மூன்று தலைமுறை ஆகியும் பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது.

மூவரும் கட்கிக்குப் போனபோது ரவிசந்திரன் கடையில் இல்லை. கடக்வாஸ்லாவில் ஒரு குறும்படக் குழுவுக்கு விளக்குகளைக் கொடுக்கப் போயிருந்தார், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார் என்றார் கேஷவ். கேஷவ் கெட்டவர் அல்ல. ஏமாற்றப்பட்டோம் என்று நம்பிய மனிதர், அவ்வளவுதான். ஆரோக்கியமணியிடம் மரியாதையாக இந்தியில் பேசினார். ஃபேபியோலா பக்கம் மட்டும் திரும்பவில்லை. நேற்றுவரை அவளை மகளைப்போல "பேட்டா" என்று கூப்பிட்ட மனிதர் அவர்.

திங்கட்கிழமை நடந்ததை ஆரோக்கியமணி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். வாடகைக்கு எடுத்தவர் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்துதான் திருப்பித் தரவேண்டும் என்பது கடை வழக்கம். ஃபேபியோலா தந்ததும் கேஷவே கேமராவைத் திறந்து பார்த்தார். பேட்டரி முழுதாக இருந்தது. பிறகு ரவிசந்திரன் அதை உள்ளறைக்குச் சோதிக்க எடுத்துப்போனார். மத்தியானத்துக்கு மேல் கேஷவைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினார்.

"அப்போ கேமராவை நீங்கள் கையில் வாங்கிப் பார்த்தீர்களா?" என்று ஆரோக்கியமணி கேட்டார்.

இல்லை என்றார் கேஷவ். ரவிசந்திரன் பொறுப்பானவர். கைரேகை கலைந்துவிடக் கூடாது என்று, கேமராவை மஞ்சள் துடைப்புத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டே காட்டினார். அப்படியே கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதன்பின் இரண்டு கேமராவையும் யாரும் தொடவில்லை.

அலமாரியைத் திறக்கச் சொல்லி அம்பி இரண்டையும் போட்டுப் பார்த்தான். முதலாவதில் பேட்டரி ஏறக்குறைய முழுதாக இருந்தது. இரண்டாவதில் பேட்டரி சிவப்பில் மினுக்கிற்று. இரண்டிலும் சோதனைக்குப் போட்ட மெமரி கார்டு அப்படியே கிடந்தது. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் கறுப்புப் படங்கள்தான். இன்னொன்றையும் அம்பி கவனித்தான். கேமரா எடுக்கிற எதற்கும் தானாக வரிசை எண் போடும். ஃபேபியோலா தன் கார்டில் காட்டிய கடைசிக் கல்யாணப் படத்துக்கும் இரண்டாம் கேமராவின் முதல் கறுப்புப் படத்துக்கும் நடுவில் ஓர் எண்ணைக் காணோம். எதையோ எடுத்து அழித்திருக்கிறார்கள்.

"பழைய சென்சார் பேட்டரியை உறிஞ்சியிருக்கும் மேடம்" என்றான் அம்பி.

"சும்மா அலமாரியில இருந்துகிட்டேவா?" என்று கேட்டுவிட்டு, ஆரோக்கியமணி அவனை ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவன் முகம் மலர்ந்தது. கேஷவிடம் அனுமதி வாங்கி, இரண்டாம் கேமராவையும் வேறொரு பேட்டரியையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆரோக்கியமணி ஸ்டூலில் அமர்ந்து, கேஷவின் மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். ஃபேபியோலா மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரவிசந்திரன் திரும்பி வந்தபோது மேஜைமேல் இரண்டு கேமராக்களும் ஸ்டிக்கர் தெரிய வைக்கப்பட்டிருந்தன. கணினித் திரையில் இரண்டு கறுப்புப் படங்கள். ஒன்று சுத்தமாக இருந்தது. மற்றதில் புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. ஆரோக்கியமணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு தமிழிலேயே பேசினார்.

"நீங்க சொன்ன சோதனையை இன்னிக்குக் காலையில இதே கடையில நாங்களும் செஞ்சோம். இது இரண்டாம் கேமரா. நீங்க சொன்ன மாதிரியே புள்ளி இருக்கு."

ரவிசந்திரன் திரையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு மேஜைப் பக்கம் வந்து, ஸ்டிக்கரைப் பார்த்து, இரண்டாம் கேமராவின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அது குளிர்ந்திருந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ரவிசந்திரன் கையால் கெட்டார்.

"ஏன் தொட்டுப் பாக்கீங்க?" என்றார் ஆரோக்கியமணி.

சும்மாதான் என்றார் அவர்.

"காய்ச்சல்னு தானே எழுதிக் குடுத்த டாக்டரு, காய்ச்சல் இருக்கறதைப் பாத்து ஏன் திகைக்கணும்? இந்தக் கேமரா கெட்டதுன்னு நீங்க நெஜமாவே நம்பியிருந்தா, இந்தப் படத்தைப் பாத்ததும் 'நான் அப்பவே சொல்லலையா'ன்னு நிமிந்து நின்னிருப்பீங்க. இது நல்ல கேமரான்னு தெரிஞ்ச ஆளுக்கு மட்டுந்தான் ஆச்சரியம் வரும். அதுவும், புள்ளி எதனால வரும்னு தெரிஞ்ச ஆளு மட்டுந்தான் சூடு இருக்கான்னு தொட்டுப் பாப்பான்."

என்ன நடக்கிறது என்று கேஷவ் கேட்க, ஆரோக்கியமணி இந்திக்கு மாறி நிதானமாக விளக்கினார்.

சென்சார் சூடானால் புள்ளிகள் பெருகும். சட்டென்று எடுக்கும் படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஷட்டரை அரை நிமிஷம் திறந்து வைத்தால்தான் கொட்டும். அதனால்தான் கல்யாணக் கேமராவுக்குச் சம்பந்தமில்லாத அந்தச் சோதனையை ரவிசந்திரன் தேர்ந்தெடுத்தார். முதலாம் கேமராவை அலமாரியிலிருந்து எடுத்து, ஜில்லென்று இருக்கும்போதே சோதித்தார். இரண்டாவதை உள்ளறையில் வெகுநேரம் வீடியோ ஓடவிட்டுக் கொதிக்க வைத்துவிட்டுச் சோதித்தார். பேட்டரி காலியானது அதில்தான். காணாமல்போன எண் அந்த வீடியோவுடையது. அதை அழித்துவிட்டார், எண் வரிசையை அழிக்க முடியவில்லை. கேமராவைத் துணியில் சுற்றிப் பிடித்தது கைரேகைக்காக அல்ல. முதலாளி கை பட்டால் சூடு தெரிந்துவிடும்.

"அம்பியும் அதையேதான் செய்தான். வீடியோ ஓடவிட்டுச் சூடாக்கி அந்தப் படத்தை எடுத்தான். பிறகு கேமராவை அலமாரியில் ஆறவைத்து இதை எடுத்தான்" என்று சொல்லி, அம்பியிடம் கண் காட்டினார். புள்ளிகள் நிறைந்த படம் போய், அதே இரண்டாம் கேமராவின் இன்னொரு படம் திரையில் வந்தது. முதலாம் கேமராவின் படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. சென்சாரை யாரும் தொடவே இல்லை.

கேஷவ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்டதற்கு ரவிசந்திரன் ஃபேபியோலாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"உன் அக்கா கல்யாணத்தையே நான்தான்மா எடுத்தேன். இப்போ ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனா, எல்லாரும் உன்கிட்ட தேதி கேக்கறாங்க. நான் பக்கத்துலதான் நிக்கறேன்."

அதில் பொய் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த அம்பிக்கே சங்கடமாக இருந்தது.

கேஷவ் எழுந்து வந்து ஃபேபியோலாவிடம் கைகூப்பினார். இரண்டாம் கேமராவைச் சனிக்கிழமைக்கு வாடகையில்லாமல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாடகை தந்தே எடுத்துக்கொள்கிறேன் என்றாள் அவள். பிறகு கேஷவ் கைப்பேசியை எடுத்து, அந்தக் குழுவில் இப்போது ரவிசந்திரன் பெயரைப் போடட்டுமா என்று அவளையே கேட்டார். போட்டால் அவரை எந்தக் கடையும் வேலைக்கு வைக்காது. கேமராவும் தராது. வேண்டாமென்றால் வேலையை விட்டு நிறுத்துவதோடு விட்டுவிடலாம்.

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். போகட்டும், மன்னித்துவிடுங்கள் என்று அவள் சொல்வாள் என அம்பி எதிர்பார்த்தான். ரவிசந்திரனும் அதைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"ரவி அண்ணா," என்றாள் ஃபேபியோலா. "இன்னிக்குச் சாயங்காலம் என் பேர் அதுல போயிருக்கும். அப்போ நீங்க தடுத்திருப்பீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போடுங்க" என்று கேஷவிடம் மராத்தியில் சொன்னாள் ஃபேபியோலா. அவர் தட்டச்சு செய்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.