யோசனை சொல்லாத வக்கீல்

மழைக்கு ஒதுங்க வந்தவன் என்றுதான் அம்சவல்லி முதலில் நினைத்தாள். தலை சொட்டச் சொட்ட டைப்ரைட்டிங் நிலையத்துக்குள் நுழைந்தவன், நேராக அவள் மேசைக்கு வந்து ஒரு மனுவை வைத்தபோதுதான் தெரிந்தது... சண்டைக்கு வந்திருக்கிறான்.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே அந்த நிலையம். முந்தின நாள் வக்கீல் குமாஸ்தா கொடுத்துவிட்டுப் போன ஆங்கில மனு அது. அவள்தான் அடித்தாள்.

"வாதியின் வக்கீல்னு வர்ற இடத்துல எல்லாம் வாதியின் சபைன்னு அடிச்சிருக்கீங்க. சீனியர் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார்."

எடுத்துப் பார்த்தாள். கவுன்சல் வர வேண்டிய இடமெல்லாம் கவுன்சில். தப்புதான். ஆனால் உடனே ஒப்புக்கொள்ள மனசு வர வேண்டுமே...

"ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்குது... இன்னா பெரிய வித்தியாசம்?"

நிமிர்ந்து பார்த்த அந்தக் கண்கள்... தப்பும் செய்துவிட்டு எதிராளியையே குறுக்கு விசாரணை செய்கிற கண்கள். அவனுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"பத்து பேர் கூடி உக்காந்து உங்களுக்காக முடிவு பண்ணா அது கவுன்சில். ஒருத்தர் உங்க பக்கத்துல நின்னு யோசனை மட்டும் சொன்னா அது கவுன்சல். முடிவு உங்களோடது."

மழை விடுவதற்குள் மறுபடி அடித்துக் கொடுத்தாள். பெயர் ரகுபதி, குன்றத்தூர்க்காரன், ஜூனியர் வக்கீல் என்பதெல்லாம் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு அந்த சீனியருக்குத் திடீரென்று வழக்குகள் பெருகிவிட்டன. தாள்களை ரகுபதியே கொண்டுவந்தான். குமாஸ்தாவுக்குக் கால்வலியாம்... நம்புவோம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, சேரப்பணஞ்சேரியில் அவள் வீட்டில் கூட்டம் கூடியது. தாய்மாமன் மகன் கோபாலுக்கு அவளைக் கொடுப்பதென்று பேச்சு. அப்பா பரசுராமன், பெரியப்பா, மாமா எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று அவள் எல்லோரையும் கேட்டாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிக்கொள்வதென்று முடிவானது.

மறுநாள் ரகுபதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இன்னா செய்யட்டும் என்று கேட்டாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இதுல நான் யோசனை சொல்லக் கூடாதுங்க."

அவ்வளவுதான். குடையைக்கூட விரிக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரார் வழக்குக்கெல்லாம் பேசுகிற வாய்... எனக்காக ஒரு வார்த்தை பேசாதா? பஸ்ஸில் ஒரகடம் வரும்வரை அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நிற்க யாரும் இல்லையென்றால், தானே நின்றுகொள்ள வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மாமா தட்டைக் கையில் எடுத்தார். அம்சவல்லி காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இதுல இஷ்டம் இல்ல மாமா. உங்க மேலயோ உங்க புள்ள மேலயோ கோவம் இல்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

மாமா காபியைத் தொடாமல் எழுந்து போனார். அம்மா செங்கமலம் மூலையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா அந்தத் தொடாத காபியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நாம கேக்கலையே... அது நம்ம தப்புதான்."

திங்கட்கிழமை ரகுபதி வந்தான். சவரம் செய்யாத முகம், கையில் தாள் எதுவும் இல்லை. மனு எங்கே சார் என்று நிமிராமலே கேட்டாள். நிச்சயம் நல்லபடி முடிந்ததா என்று அவன் தடுமாறிக் கேட்க, நடந்ததைச் சொன்னாள். அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"இப்பவாவது சொல்லுங்க... அன்னைக்கு ஏன் வாயைத் தெறக்கல?"

வெளியே தூறல் பிடித்துக்கொண்டது.

"தனக்கு லாபம் இருக்கிற வழக்குல வக்கீல் யோசனை சொல்லக் கூடாதுங்க. வேணாம்னு சொல்லுங்கன்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. அது உங்களுக்காகவா, எனக்காகவான்னு எனக்கே தெரியல..." அவன் குரல் இறங்கியது. "இந்த வழக்குல நான் வக்கீல் இல்லங்க... வாதி."

டைப்ரைட்டர் நின்றது. அந்தக் கண்கள் மெல்ல நிமிர்ந்தன. இந்தத் தடவை அவற்றில் குறுக்கு விசாரணை எதுவும் இல்லை... கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது.

"உங்க வூட்டுப் பெரியவங்களக் கூட்டிக்கினு வாங்க. எங்க வூட்லயும் எல்லாரும் உக்காரட்டும்... எவ்ளோ நேரம் வேணாலும் பேசட்டும்." சிரிப்பை உதட்டிலேயே பிடித்துக்கொண்டாள். "முடிவு நான் எடுத்துட்டேன்."