ஜன்னல் கம்பியில் ஒரு தொட்டில்

அதை முதலில் பார்த்தது திங்கட்கிழமையா, செவ்வாயா என்று பாப்பம்மாவுக்கு இப்போது உறுதியில்லை. தானே காயப்போட்டு மறந்த சேலையோ என்றும் சில சமயம் நினைப்பாள். ஆனால் காயப்போட்ட சேலை காற்றில்லாமல் ஆடாது.

இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா அது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை பாப்பம்மாவிடம் விட்டுப் போவார்கள். ஆறு பிள்ளைகள். கூரை மரத்தில் ஆறு கொக்கி, ஆறு சேலைத் தொட்டில்.

அன்று பகல், தன் இரண்டு வயது மகன் சசிக்குமாரைப் பார்க்க தினுஷா உள்ளே வந்தாள். அப்போதுதான் பாப்பம்மா பார்த்தாள். ஜன்னலோரம், திரை மாட்டும் மெல்லிய கம்பியில், ஏழாவதாக ஒரு தொட்டில்.

சின்னது. ஊதா நிறம். அந்த இடத்தில் யாரும் தொட்டில் கட்டமாட்டார்கள். கைக்குழந்தையின் பாரத்தைக்கூட அந்தக் கம்பி தாங்காது.

உள்ளே ஏதோ புரண்டது.

பாப்பம்மா துணியைத் தொட்டாள். ஈரமாக, உடம்புச் சூட்டோடு இருந்தது. விரலில் இரத்த வாடை.

தினுஷா வெளியே போனதும் கம்பி வெறுமையாக இருந்தது.

அதன்பின் தினமும் வந்தது, தினுஷா வரும் நேரத்தில் மட்டும். ஒவ்வொரு நாளும் கம்பி இன்னும் கொஞ்சம் வளைந்தது. பாப்பம்மா வாயைத் திறக்கவில்லை. பேயைப் பார்க்கிறவளிடம் யார் பிள்ளையை விடுவார்கள்?

வெள்ளிக்கிழமை தினுஷா வலது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னம்மா தோளு?"

"மூணு நாளா வலிக்குது ஆயாம்மா. படுத்தா இன்னும் குத்துது. கொழுந்து சாக்கு சுமக்குற தோளு, வலிக்காம என்ன செய்யும்?"

கம்பி கிரீச்சிட்டது. தினுஷாவுக்கு அது கேட்கவில்லை.

"வயிறு?"

"அடிவயிறும்தான். டிஸ்பென்சரியில வாயு, காஸ்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க."

பாப்பம்மா குரலைத் தாழ்த்தினாள். "நாள் தள்ளிப் போயிருக்கா?"

தினுஷா சிரித்துவிட்டாள். "பிள்ளை போதும்னு ஒப்பரேசன் பண்ணி ரெண்டு வருசமாச்சு. பூட்டுன வீட்டுக்குள்ள யாரு வரப் போறா? ஒப்பரேசன் பண்ணுனா மாசக் கணக்கு தப்பும்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் சொல்றாங்க."

ஜன்னல் பக்கம் ஒரு சின்னச் சத்தம்.

நூல் அறும் சத்தம்.

ஊதாத் துணியின் அடியில் ஒரு கீறல் திறந்தது. ஒரு சொட்டு கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று.

தொட்டில்களில் அழுதுகொண்டிருந்த ஆறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழுகையை நிறுத்தின.

"வா" என்றாள் பாப்பம்மா.

"எங்க? கங்காணி ஏசுவாரு..."

"ஏசட்டும். வாடி!"

துணி முழுதாகக் கிழிந்த அதே நொடியில் தினுஷாவின் கால்கள் மடிந்தன.

கீழ் ரோட்டில் மரக்கறி ஏற்றிவந்த ஆட்டோவை மறித்து அவளை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் வயிறு முழுக்க இரத்தம் என்றார்கள். ஒப்பரேசனில் வெட்டிக் கட்டிய கருக்குழாயும் எப்போதாவது மறுபடி சேர்ந்துகொள்ளுமாம். அப்போது கரு கர்ப்பப்பைக்குப் போகாமல், தாங்கமுடியாத அந்தக் குழாயிலேயே தங்கிவிடுமாம். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் தோளிலும் வலி தெரியுமாம். "நாள் தப்பின அன்னிக்கே வந்திருக்கணும்" என்றாள் தாதி. "ஒப்பரேசன் செஞ்சிருந்தாலும்தான்."

தினுஷா பிழைத்தாள். மூன்று மாதம் கழித்து மறுபடி கொழுந்தெடுக்க மலைக்குப் போனாள். சசிக்குமார் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கங்காணி பாப்பம்மாவை ஏசத்தான் செய்தார். பாப்பம்மா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். தோள் வலிக்கிறது என்று யார் சொன்னாலும் நாள் கணக்கைக் கேட்கிறாள். அந்தக் கம்பியை அவளே கழற்றி ஓடையில் எறிந்துவிட்டாள்.

கம்பி இருந்த இடத்தில் சுவரில் இரண்டு ஓட்டைகள். பகல் சாப்பாட்டு நேரத்தில் சில நாட்களில் அவற்றிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது, இல்லாத கம்பியில் ஏதோ பாரம் தொங்குவதுபோல. அப்போது வாசலில் எந்தப் பெண் நிற்கிறாள் என்று பாப்பம்மா திரும்பிப் பார்க்கிறாள்.

நேற்றும் உதிர்ந்தது. வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.